தொட்டும் தள்ளாத கம்பி

மேல்வரிசை ரிட்டெய்னர் ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முன்னால் ஒரே கம்பி, வில் வளைவில் போகிறது. இரண்டு பக்கமும் கோரைப்பல் வரும் இடத்தில் அது மேலே ஏறி, ஒரு சின்ன வளைவு போட்டுத் திரும்பி இறங்கி, பல்லிடுக்கின் வழியாக உள்ளே நுழைந்து, ரோஸ் நிறத் தகட்டுக்குள் மறைந்துவிடுகிறது. பின்னால் கடைவாய்ப் பல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு கொக்கிகள். மொத்தச் சாமானும் அவ்வளவுதான்.

என் அக்கா மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டு, மாதா மாதம் முறுக்கி, ஒரு வழியாகக் கழற்றியபோது, பல் மறுபடி நகராமல் இருக்கப் போட்டுக்கொள்ளச் சொல்லி இதைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் எல்லாரும் அவள் பல்வரிசையைப் பார்த்து அதிசயித்தார்கள். திருஷ்டி கழித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடந்த இந்தப் பொருளை எவரும் சீண்டவில்லை. நான் எடுத்தேன். எடுத்தவன் கீழே வைக்க நெடுநேரம் ஆயிற்று.

எங்கள் ஊர் வீராம்பட்டினம். அரிக்கமேடு பக்கத்திலேயே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அவருக்குப் பின் வந்து தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசால், தம் நூலின் தலைப்பில் எங்கள் ஊர்ப் பெயரையும் அரிக்கமேட்டோடு சேர்த்தே வைத்தார். கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து, நறுக்கி, ஓரம் மழுக்கிச் சின்னஞ்சிறு மணிகள் செய்தவர்கள் இருந்த இடம் அது. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் பிறந்ததால்தான் கைக்குள் அடங்கும் வேலைப்பாட்டைக் கண்டால் நின்றுவிடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு வலைமுடிச்சு ஒன்றுகூட ஒழுங்காகப் போட வராது என்பது ஊருக்கே தெரியும்.

கம்பியிலிருந்து தொடங்குகிறேன். இந்த வடிவத்தை 1919-ல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்கப் பல் மருத்துவர் சார்லஸ் ஹாலி. இன்றைக்கும் இது ஹாலி ரிட்டெய்னர்தான். அந்தக் காலத்துப் பல் வேலையில் தங்கக் கலப்புக் கம்பியும் கெட்டிப்படுத்திய ரப்பரும்தான் புழக்கம். இப்போது இரும்போடு நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. பருமன் பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டர். பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு கம்பி அதே ஓட்டத்தில் ஓடுகிறது என்றால் அந்த ஓட்டத்தில் ஏதோ சரியாக அமைந்திருக்கிறது.

இந்தக் கம்பியைப் பொதுவாக இயந்திரம் வளைப்பதில்லை. பல் லேபில் ஒருவர் உட்கார்ந்து, பறவை அலகு போன்ற குறட்டை ஒரு கையிலும் கம்பியை மறு கையிலும் பிடித்து வளைக்கிறார். அந்தக் குறட்டின் ஒரு மூக்கு உருண்டை, மற்றது பட்டை. உருண்டைப் பக்கம் சுற்றினால் மென்மையான வளைவு வரும், பட்டைப் பக்கம் மடக்கினால் கூர்மையான மடிப்பு வரும். எஃகுக் கம்பியை ஓரிடத்தில் வளைத்து, சரியில்லை என்று நிமிர்த்தி, மறுபடியும் வளைத்தால் அந்த இடம் விறைத்துப் போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பட்டென்று ஒடியும். ஆகவே தேர்ந்த கை ஒரே தடவையில் வளைத்துவிடும். அக்கா மகளின் கம்பியில் குறட்டுத் தடம் ஒன்றுகூட இல்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. யார் செய்தாரோ, அவர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

கோரைப்பல்லுக்கு மேலே போட்ட அந்த வளைவைக் கவனிக்க வேண்டும். அழகுக்காகப் போட்டது போலத் தெரியும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முன்கம்பி கொஞ்சம் தளர்ந்துவிட்டால் மருத்துவர் குறட்டால் அந்த வளைவின் இரு கால்களையும் சற்றே நெருக்குவார். முன்கம்பி மயிரிழை உள்ளே வரும். இறுகிவிட்டால் கால்களை அகற்றுவார். முழுக்கம்பியையும் தொடாமல் திருத்திக்கொள்ள ஒரு திருகாணியை வடிவத்துக்குள்ளேயே ஒளித்து வைத்தது போன்ற யோசனை. அந்த வளைவு ஈறை உரசவும் கூடாது, உதட்டில் இடிக்கவும் கூடாது. ஈறுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. உதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். வளைவு ஈறின் மேல் நிழலாக மட்டும் விழுந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் இருக்கும் கொக்கி. ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர் 1950 வாக்கில் கொண்டுவந்தது. கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கத்தில் இரண்டு அம்புமுனைகள், அவற்றை இணைக்க நேராக ஒரு பாலம். பல்லை நாம் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. நடுவில் புடைத்து, ஈறுக்குப் பக்கத்தில் ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தின் இரு மூலைகளிலும் அம்புமுனைகள் போய் அமர்கின்றன. பக்கத்துப் பல்லைத் தொட்டால் அதைத் தள்ளிவிடும், ஈறுக்குள் புதைந்தால் புண்ணாக்கும், புடைப்பின்மேல் நின்றால் பிடிப்பே இராது. இத்தனைக்கும் நடுவே அதற்கு வாய்க்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பாலம் பல்லை ஒட்டாமல் சாய்வாகச் சற்று விலகி நிற்பது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அவள் கழற்றியபோதுதான் புரிந்தது. இரண்டு பக்கமும் நகத்தை அந்த இடைவெளியில் கொடுத்துச் சேர்ந்தாற்போல் கீழே இழுத்தாள், டக்கென்று வந்துவிட்டது. நகம் நுழைய வழி விட்டிருக்கிறார்கள்.

தகட்டைத் திருப்பிப் போட்டால் வேறொரு உலகம். நாக்குப் படும் பக்கம் வழவழவென்று பளபளக்கும். அண்ணத்தில் படியும் பக்கத்தில் மெருகு போடமாட்டார்கள், போட்டால் பொருத்தம் போய்விடும். அங்கே முன்பற்களுக்குப் பின்னால் மேடும் பள்ளமுமாகச் சில வரிகள். அண்ணத்து வரிகள். நம் வாயில் இவை இருப்பதே நமக்கு ஞாபகம் இருப்பதில்லை, சூடான காப்பி குடித்துத் தோல் உரிந்தால்தான் நாக்கு போய்த் தடவும். கைரேகையைப் போலவே இவையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அடையாளம் தெரியாத உடல்களை இனங்காணத் தடயவியலார் இந்த வரிகளையும் பார்ப்பதுண்டு. அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் தகட்டின் அடியில் அவள் வரிகள் அப்படியே பதிந்திருந்தன.

இந்தப் பதிவு கடலிலிருந்து வருகிறது என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். வாயில் ஒரு தட்டு நிறையக் குழைந்த மாவை வைத்து அச்செடுப்பார்களே, குமட்டிக்கொண்டு வருமே, அந்த மாவின் உயிர் அல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. முன்பு அகர் என்ற இன்னொரு பாசிச் சத்தால்தான் அச்செடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோன பிறகு அல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் முங்கிப் பறிக்கும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் அந்தப் பழுப்பு இனத்துப் பாசிகளே. தண்ணீரில் குழைத்த சில நிமிடங்களில் அது இறுகி ரப்பராகும். அந்தக் குழிவுக்குள் ஜிப்சம் கூழை ஊற்றி மாதிரி வாயொன்று வார்ப்பார்கள். அதன்மேல் வளைத்த கம்பியை மெழுகால் ஒட்டி, அக்ரிலிக் தூளைத் தூவி, திரவத்தைச் சொட்டி, மறுபடி தூவி, மறுபடி சொட்டி, அடுக்கடுக்காகத் தகட்டை எழுப்புவார்கள். உப்பும் மிளகும் முறை என்று அதற்குப் பெயர். முடிவில் தகட்டின் பருமன் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்.

அந்த இரண்டு மில்லிமீட்டர் தமிழுக்கு எவ்வளவு பெரிய மலை என்பதை அவள் பேசியபோது கேட்டேன். முதல் இரண்டு நாள் ‘ச’ எல்லாம் கசிந்தது. ‘ழ’ எங்கோ வழுக்கி ‘ள’வில் போய் விழுந்தது. எங்கள் ஊர் அம்மன் செங்கழுநீர் அம்மன், அந்தப் பெயரை அவள் சொல்லக் கேட்டு அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எழுத்துகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் இடம் இடமாகக் காட்டுகிறது. ‘த’வும் ‘ந’வும் நாக்குநுனி அகன்று பல்லின் அடியில் படியும்போது, ‘ர’வும் ‘ழ’வும் நுனி மேலே எழுந்து அண்ணத்தைத் தடவும்போது. அந்த இயலைக் கையில் வைத்துக்கொண்டு ரிட்டெய்னரைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. தகட்டின் வளைந்து வளைந்து போகும் ஓரம் கிடப்பது ‘த’ பிறக்கும் வாசலில், நடுப்பரப்பு கிடப்பது ‘ழ’ பிறக்கும் கூரையில். நாக்கு தன் பழைய வீட்டைத் தேடிப் போய்ப் புதுத் தளத்தில் முட்டிக்கொள்கிறது. ஆனால் நாக்கு கெட்டிக்காரன். ஒரு வாரத்துக்குள் கூரை சற்றுத் தாழ்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டது. இப்போது அவள் போட்டிருக்கிறாளா இல்லையா என்று பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. சீக்கிரம் பழக வேண்டுமானால் போட்டுக்கொண்டே உரக்கப் படிக்க வேண்டும். நான் தினத்தந்தியைக் கொடுத்தேன், அவள் சினிமாப் பாட்டே போதும் என்றாள்.

இனி இந்தப் பொருளின் உச்சமான நயத்துக்கு வருகிறேன். இது ஒன்றும் செய்வதில்லை. கிளிப் பல்லை இழுத்தது, தள்ளியது, திருப்பியது. ரிட்டெய்னர் பல்லைத் தொடும், தள்ளாது. தள்ளினால் அது பிழை. முன்கம்பி ஆறு முன்பற்களையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும், எந்த ஒன்றின் மேலும் பாரம் போடக்கூடாது. தொடாவிட்டால் பல் நகரும், அழுத்தினாலும் பல் நகரும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் காகிதப் பருமன் இடத்தில் கை நிற்பதுதான் வித்தை.

எங்கள் ஊர் ஆடித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. கூட்டத்தின் கண் முழுக்க வடத்திலும் கலசத்திலும் இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்தே நடக்கிறவரை யார் பார்க்கிறார்? அவர் தேரை ஒரு அடிகூட நகர்த்துவதில்லை. நின்ற தேர் நின்ற இடத்தில் நிற்பது அவரால்.

நகராமல் நிறுத்த ஏன் இவ்வளவு பாடு? பல் எலும்பில் அறைந்த ஆணியில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் பல்லைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன. கிளிப் பல்லை நகர்த்தும்போது அந்த நார்கள் இழுபடும். புது இடத்தில் அவை ஒழுங்காக மறுபடி பின்னிக்கொள்ள மூன்று நான்கு மாதங்கள். ஈறில் இருக்கும் நார்களுக்கு இன்னும் அதிகம். பல் கழுத்தைச் சுற்றியுள்ள மீள்தன்மை கொண்ட நார்கள் இருக்கின்றனவே, அவை ஒரு வருடம் ஆனாலும் பழைய இடத்தை மறப்பதில்லை. நார்வே நாட்டு ரைட்டன் நாய்களின் பற்களைத் திருப்பிப் பார்த்து, 232 நாள் கழித்தும் இந்த நார்கள் இழுபட்டே நிற்பதை 1959-ல் காட்டினார். அதனால்தான் திரும்பியிருந்த பல்லைத் திருத்தினால் அது முதலில் பழையபடி திரும்பப் பார்க்கும். நார் அடங்கிய பிறகும் நிம்மதியில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் லிட்டிலும் அவர் கூட்டாளிகளும், சிறுகடைவாய்ப் பற்களைப் பிடுங்கிச் சிகிச்சை பெற்றவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 1981-ல் எழுதினார்கள். ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடம் ஆனபோது கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க ஒழுங்கில் இருந்தவர்கள் மூவரில் ஒருவருக்கும் குறைவு. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்ப்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன. ஆகவே முதல் சில மாதங்கள் சாப்பாடு, பல் தேய்ப்பு தவிர மற்ற நேரமெல்லாம், பிறகு இரவில் மட்டும், அதுவும் எத்தனை வருடம் முடியுமோ அத்தனை வருடம் என்றுதான் இப்போது பெரும்பாலான மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அவள் கீழ்வரிசைக்கு வேறு வகை. ஆறு முன்பற்களின் உட்புறம் ஓடும் மெல்லிய கம்பி, ஒவ்வொரு பல்லிலும் ஒரு சொட்டுப் பசையால் ஒட்டியது. அது ஒற்றைக் கம்பியில்லை, அதைவிட மெல்லிய இழைகளை முறுக்கியது. கடிக்கும்போது பல் இயல்பாகக் கொஞ்சம் அசையும், அந்த அசைவுக்கு முறுக்குக் கம்பி இடங்கொடுக்கும். இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது, விடுபட்ட பல் சத்தமில்லாமல் கிளம்பிவிடும். அவ்வப்போது நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, கண்ணாடி போன்ற உறை வகை. ஷெரிடன் 1993-ல் பரப்பியது. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி மாதிரிப் பல்லின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைப்பது. போட்டால் தெரியாது, அதுதான் அதன் அழகு. எனக்கென்னவோ அதில் கை தெரிவதில்லை.

பராமரிப்பிலும் இந்த நுணுக்கம் தொடர்கிறது. கொதிநீர் கூடவே கூடாது. அம்மாக்களுக்குச் சுத்தம் என்றால் கொதிக்க வைப்பது, ஆனால் உறை வகை சுமார் எண்பது டிகிரியிலேயே இளகிக் கோணிவிடும். அதைப் போட்டுக்கொண்டே சூடாகக் காப்பி குடிப்பதும் தவறு. சாதாரணத் தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு, அவ்வளவு போதும். டூத்பேஸ்டில் இருக்கும் தேய்ப்புத் துகள் தகட்டைக் கீறும், கீறலில் அழுக்கு குடியேறும். தேய்க்கும்போது தகட்டைப் பிடிக்க வேண்டும், கம்பியைப் பிடித்தால் அந்தக் காகிதப் பருமன் கணக்கு போயிற்று. நாக்கால் தட்டிவிட்டு டக் டக்கென்று விளையாடும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், கொக்கி தளர்வது அதனால்தான். அக்ரிலிக் தண்ணீர் குடித்துப் பழகியது, வாயில் இல்லாத நேரம் நெடுநாள் காய்ந்தால் சற்றே வடிவம் மாறும், தண்ணீரில் போட்டு வைக்கலாம். மீன் குழம்பின் மஞ்சள் உறை வகையில் ஒரே வேளையில் ஏறிவிடும். நாளடைவில் சில இடங்களில் வெள்ளையாகக் காரை படியும். கீழ் முன்பற்களின் உட்புறமும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறமும்தான் அதற்குப் பிடித்த இடங்கள், எச்சில் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. வினிகரில் தண்ணீர் கலந்து சற்று ஊறவைத்துத் தேய்த்தால் போகும். குளோரின் கலந்த சலவைத் திரவம் எஃகை அரிக்கும், அந்தப் பக்கமே போகக்கூடாது.

உடைவதைவிடத் தொலைவதுதான் அதிகம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றி, காகிதத்தில் மடித்து, இலையோரம் வைப்பார்கள். பாயசம் முடிந்ததும் இலையை மடிப்பார்கள். அதோடு போயிற்று. அலையில் குளிக்கப் போகும்போதும் அதே கதை, ஒரு கொப்பளிப்பில் கடலுக்குப் போய்விடும். வாயில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டப்பாவில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே மூன்றாவது இடமே கிடையாது. தொலைத்துவிட்டால் அடுத்த பஸ் பிடித்து கோரிமேடோ பிள்ளையார்குப்பமோ, சிகிச்சை பெற்ற பல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பற்கள் காத்திருக்காது. சில நாள் போடாமல் விட்டு மறுபடி போடும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம், விடாமல் போட்டால் அடங்கும். உட்காரவே மறுத்தால் அழுத்தித் திணிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது சமையலறை அலமாரியில் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் ஆயாவின் பல்செட், மற்றதில் இது. இரண்டுமே அதே அக்ரிலிக், அதே ரோஸ். பல்செட்டுக்கென்று மருந்துக்கடையில் விற்கும் நுரைக்கும் மாத்திரையை வாங்கி இரண்டு டம்ளரிலும் போடுகிறோம், இரண்டுக்குமே ஆகும். முதல் நாள் ஆயா டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இன்னாடி இது, உனக்கும் பல்செட்டா?”

“பல்செட் இல்ல ஆயா, ரிட்டெய்னர். பல்லு நவுராம இருக்கறதுக்கு.”

ஆயா இன்னொரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னுதுலயாச்சும் பல்லு வச்சிக் குடுத்தான். உன்னுதுல ஒரு பல்லுகூட இல்லியே. இதுக்கும் காசு வாங்கிக்கினானா?”